காளமேகமும் என் அம்மானும்

நம் கல்லூரியின் விழா மலருக்கு ஒரு கட்டுரை தருக என மலர்க்குழுவினர் கேட்டபோது, விடுதி வாழ்க்கையைப் பற்றி எழுதுவதென்றே முதலில் எண்ணினேன். விடுதிச் சோற்றையும், சரசுவதி பூசைக் காலத்து இரவுகளையும், துடுப்பாட்டப் போட்டியின் மறுநாள் தொண்டை கட்டிய குரல்களையும் என்னினும் நன்றாக எழுத வல்லார் பலர் நம் பழைய மாணவருள் உளர். அவர்கள் எழுதியும் இருப்பார்கள். ஆதலால் நான் வேறொன்றை எழுதத் துணிந்தேன். அது விடுதியிலே தொடங்கி, எழுவைதீவுக் கடலிலே வளர்ந்து, இன்னும் தீர்ப்புப் பெறாத ஒரு சிறு வழக்கு. அவ்வழக்கிலே குற்றவாளி நானேயாதலால், பிறர் மனம் நோகுமே என்ற அச்சமின்றி எழுதலாம்.

எழுவைதீவைக் கண்ணாற் காணாத அன்பர்கள் பலர் இருப்பர். ஊர்காவற்றுறைத் துறையிலே வள்ளமேறிச் செல்லவேண்டிய சிறு தீவு அது. சுற்றிலும் கடல், நடுவே பனை, பனைகளுக்கிடையே வீடுகள், கோயில். நாங்கள் சிறுவராய் இருந்த காலத்தில் வெளியுலகம் என்பது ஊர்காவற்றுறைக் கரையிலே தொடங்கிற்று. அந்த உலகத்துக்கும் எங்களுக்கும் இடையே வள்ளம் விட்டவர்களுள் ஒருவர் என் தாயின் தமையனார். அம்மான் என்றே அவரை அழைப்போம். இக்கட்டுரையிலும் அம்மான் என்றே எழுதுவேன். பெயரை ஏன் எழுதவில்லை என்பது பின்னர் விளங்கும்.

அம்மான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரையிலேதான். ஆனால் கோயிலிலே ஆண்டுதோறும் நடைபெற்ற புராணபடனத்தை ஒரு நாளும் தவறவிட்டவரல்லர். கந்தபுராணத்திலும் திருவிளையாடற் புராணத்திலும் அவர் காதாற் கற்ற பாடல்கள், நான் கண்ணாற் கற்றவற்றிலும் அதிகம். காற்று வாய்த்த நாளிலே பாயை விரித்துக் கட்டிவிட்டுச் சுக்கானடியில் இருந்தபடியே பாட்டுச் சொல்லத் தொடங்குவார். பட்டினத்தார் வருவார், ஔவையார் வருவார், எல்லாருக்கும் மேலாகக் காளமேகம் வருவார். சிலேடை என்றால் அம்மானுக்கு உயிர். ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பது ஒரு தூண்டிலில் இரண்டு மீன் படுவது போன்றது என்பார்.

அவ்வாறு சொல்லப்பட்ட பாடல்களுள் ஒன்று பனைக்கும் வள்ளத்துக்கும் சிலேடையாக அமைந்த வெண்பா. பனை பாய் தரும். வள்ளமும் பாய் விரிக்கும். இரண்டிலும் ஏறுவாரும் இறங்குவாரும் உண்டு. இரண்டும் கயிற்றையும் தளையையும் அறிந்தவை. இரண்டும் காற்றுக்கு ஆடும், ஆடினும் தம்மை நம்பியவர் வயிற்றைக் காயவிடா. ஈற்றடியிலே இரண்டையும் காற்றிலாடும் மரம் என்ற ஒரே சொல்லிற் சேர்த்து முடிச்சிட்டிருந்தது. பத்து வயதுச் சிறுவனாய் அதனைக் கேட்டேன். காளமேகத்தின் பாடல்கள் பலவற்றுக்கு நடுவே கேட்டமையால், அதுவும் காளமேகத்தினது என்றே கொண்டேன். யாரும் அப்படிச் சொல்லவில்லை. வேறு விதமாய் நினைக்கக் காரணமும் இருக்கவில்லை.

1960ஆம் ஆண்டு என்னைக் கல்லூரி விடுதியிலே சேர்த்தனர். வள்ளத்திலே கொண்டுவந்து விட்டவரும் அம்மானே. வீட்டு நினைவு வருத்தும்போதெல்லாம் ஒரு கொப்பியிலே அவர் சொன்ன பாடல்களை நினைவிலிருந்து எழுதி வைப்பேன். ஒவ்வொன்றின் கீழும் புலவர் பெயரையும் கோடிட்டு எழுதுவேன். பனை வெண்பாவின் கீழே காளமேகம் என எழுதினேன். எழுதிய அந்தக் கணத்திலேயே வழக்கு ஆரம்பமாயிற்று.

ஒருநாள் தமிழ்ப் பாடவேளையில் அவ்வெண்பாவைப் படித்துக் காட்டினேன். எங்கள் பண்டிதர் கண்களை மூடிக்கொண்டு கேட்டார். மறுபடியும் படிக்கச் சொன்னார். "அச்சுப் பிரதியிலே இதனைக் கண்டதில்லை. ஆயினும் வாக்கு காளமேகத்தின் வாக்குத்தான். வேறு யாருக்கு வரும்?" என்றார். அன்று முழுவதும் எனக்குக் கால் நிலத்திலே பாவவில்லை. பண்டிதரைக் குறைசொல்ல இதனை எழுதவில்லை. அவர் அன்று செய்ததைத்தான் நான் பிற்காலத்தில் ஆண்டுக்கணக்காகச் செய்தேன். அதுவும் சம்பளம் பெற்றுக்கொண்டு.

1971ஆம் ஆண்டு தமிழாசிரியனானேன். சிலேடையணி கற்பிக்கும் நாள் வந்தால், பனை வெண்பாவைக் கரும்பலகையில் எழுதாமல் விடுவதில்லை. சொல் நயம், பொருள் நயம், ஈற்றடியின் முடிச்சு என ஒரு பாடவேளை முழுவதும் அதற்கே போய்விடும். மூன்றாம் அடியிலே தளை தட்டுவதை நான் அறியாமல் இல்லை. ஆனால் காளமேகத்துக்குத் தளை தட்டுமா? ஏடெழுதியவன் செய்த பிழையாக இருக்கும், அல்லது வாய்வழியாக வந்தபோது ஒரு சொல் திரிந்திருக்கும் என்று கருதினேன். மாணவருக்கும் அவ்வாறே சொன்னேன். இரண்டோர் ஆண்டு சென்றபின், மூலபாடம் இப்படித்தான் இருந்திருக்கும் என ஒரு திருத்தமும் கண்டுபிடித்தேன். அத்திருத்தத்தைக் கண்டுபிடித்த இரவிலே எனக்கிருந்த பெருமிதத்தை இப்போது நினைத்தால் முகம் வேர்க்கிறது.

காளமேகத்தின் பெயரால் வழங்கும் பாடல்கள் யாவும் அவர் பாடியவைதாமா என்பது அறிஞர் பலரும் எழுப்பிய ஐயமே. 15ஆம் நூற்றாண்டினர் எனக் கருதப்படும் அவருடைய தனிப்பாடல்கள், பலகாலம் வாய்மொழியாக வழங்கிய பின், 19ஆம் நூற்றாண்டிலேதான் பிற புலவர் பாடல்களோடு திரட்டி அச்சேற்றப்பட்டன. இடைப்பட்ட காலத்திலே குறும்பும் சிலேடையும் உள்ள ஊர்பேர் தெரியாத வெண்பாக்கள் எல்லாம் அவர் வாசலிலே வந்து சேர்ந்திருத்தல் இயல்பு. தமிழில் இது புதிதன்று. கம்பர் பெயரால் சரசுவதி அந்தாதி உண்டு, ஏரெழுபது உண்டு. அகத்தியர் பெயரால் உள்ள மருத்துவ நூல்களை அடுக்கினால் ஒரு அலுமாரி போதாது. ஔவையாரோ ஒருவரல்லர், பல காலத்துப் பலர். பிற நாட்டார் பிறர் நூலைத் தம் பெயரால் வெளியிட்டதைக் களவு என்பர். நம் நாட்டிலே தம் நூலைப் பிறர் பெயரால் விட்டுவிட்டு மறைந்தோர் பலர். இதனை அடக்கம் என்று சிலர் புகழ்வர். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். பெரிய பெயரின் நிழலில் விட்டால்தான் தம் பிள்ளை பிழைக்கும் என்று அவர்கள் அறிந்திருந்தனர் என்றே எண்ணுகிறேன்.

காளமேகத்தின் கதையே இதற்குச் சான்று. வரதன் என்னும் பெயரோடு மடைப்பள்ளியிலே சமையல் செய்துகொண்டிருந்தவர் அவர் என்பது கர்ணபரம்பரை. திருவானைக்காவிலே அம்மையின் தாம்பூலம் வாயிற் பட்டதும் கவிமழை பொழிந்தார் என்பர். மடைப்பள்ளி வரதன் அகப்பையும் கையுமாக நின்று ஒரு வெண்பாச் சொல்லியிருந்தால், உலையைப் பார் என்றுதான் பதில் வந்திருக்கும். தாம்பூலக் கதை அவருடைய நாவை மாற்றியதோ இல்லையோ, கேட்பவர் காதை நிச்சயமாக மாற்றியிருக்கும்.

இவற்றையெல்லாம் நான் நன்கு அறிந்திருந்தேன் என்பதுதான் வேடிக்கை. அறிந்திருந்தும் 1979ஆம் ஆண்டு "அச்சேறாத காளமேகம் பாடல் ஒன்று" என்று தலைப்பிட்டு ஒரு கட்டுரை எழுதி, ஒரு சஞ்சிகைக்கு அனுப்பிவைத்தேன். காளமேகம் நாகபட்டினம் சென்றவர் என்பது அவருடைய சத்திரத்துக் கதையால் தெரிகிறது. நாகபட்டினம் கடற்கரை ஊர். ஆகவே அவர் வள்ளத்தைக் கண்டிருப்பார், ஆகவே இப்பாடல் அவருடையது என நியாயம் காட்டியிருந்தேன். எங்கள் தீவிலே குழந்தையும் நாள்தோறும் சொல்லும் வள்ளம் என்ற சொல்லுக்கு, பழந்தமிழ் ஆட்சி என்று ஒரு நீண்ட விளக்கமும் எழுதியிருந்தேன். கட்டுரை ஏற்கப்பட்டதாகக் கடிதம் வந்தது. பாடல் அம்மானுக்கு யாரிடமிருந்து கிடைத்தது என்ற ஒரு செய்தி மாத்திரம் குறைவாயிருந்தது. அதனை அறிந்து சேர்க்கும் பொருட்டு ஆடிப்பிறப்புக்கு ஊருக்குப் போனேன்.

சோழகக் காற்று வீசிக்கொண்டிருந்தது. ஆடிப்பிறப்பாதலால் வீட்டு முற்றத்திலே பிள்ளைகள் கூழுக்கும் கொழுக்கட்டைக்கும் காத்திருந்து, நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாட்டைக் கூவிப் பாடிக்கொண்டிருந்தனர். "இந்தப் பாட்டு ஆர் பாடினது, தெரியுமோ?" என்று ஒரு சிறுமியைக் கேட்டேன். "எங்கட ரீச்சர்" என்றாள். புலவர் 1953ஆம் ஆண்டிலே காலமானவர். அவர் அந்த விடையைக் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார் என்றே தோன்றியது. எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. ஆசிரியனல்லவா? புலவர் பெயரை அவளுக்கு மூன்று முறை சொல்லிக்கொடுத்தேன். அவள் மூன்று முறையும் தலையாட்டிவிட்டுக் கொழுக்கட்டையோடு ஓடினாள்.

இரவு அம்மானோடு திண்ணையில் இருந்தேன். எடுத்த எடுப்பிலே கேளாமல், குறுந்தொகையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். அத்தொகையிலே சில புலவருக்கு இயற்பெயர் கிடைக்காமற்போக, அவரவர் பாட்டிலே வந்த அருமையான தொடரையே பெயராகச் சூட்டியிருக்கிறார்கள் என்றேன். செம்புலப்பெயனீரார், ஓரேருழவனார், குப்பைக் கோழியார், அணிலாடு முன்றிலார், மீனெறி தூண்டிலார் என்று அடுக்கினேன். மீனெறி தூண்டிலார் என்றதும் அம்மான் நிமிர்ந்து, "அந்தாள் என்ன பாடினது?" என்றார். யானை வளைத்துத் தின்ன முயன்று கைவிட்ட மூங்கில், மீன் பட்டதும் மேலே கிளம்பும் தூண்டிற்கோலைப் போல விசும்பு நோக்கி எழும் காட்சியைச் சொன்னேன்.

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்பு வலக்கையை மேலே வெட்டி உயர்த்திப் பார்த்தார். "மெய்தான். அப்பிடித்தான் எழும்பும். அது மீன் பிடிச்ச ஆள், அல்லாட்டிப் பக்கத்திலை நிண்டு பாத்த ஆள்" என்றார்.

பெயரும் ஊரும் காலமும் அறியாத ஒரு பாட்டை அவர் தம் கையினால் அளந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிட்டார். நான் பல்கலைக்கழகத்திலே கற்ற திறனாய்வு எதுவும் அந்தக் கையசைவுக்கு நிகராகாது. ஆனால் அன்று எனக்கு அது உறைக்கவில்லை. கொண்டுபோன வேலையிலேயே கண்ணாயிருந்து, பனை வெண்பாவை யாரிடம் பாடங் கேட்டீர்கள் என்று வினாவினேன். காளமேகம் என்ற பெயரையும் கட்டுரையையும் சொன்னேன்.

அம்மான் வயிறு குலுங்கச் சிரித்தார். "அது காளமேகமும் இல்லை, கருமேகமும் இல்லை, மருமோன். நான் கட்டினது. உம்மைக் கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்திலை விடுறதுக்கு முந்தி, ஒருநாள் காத்து விழுந்து வள்ளம் நடுக்கடலிலை நிண்டுட்டுது. கோலூண்ட ஆழம். சும்மா இருக்கேலாமல் கட்டினது."

அப்போது நான் செய்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன். மகிழ்ச்சி என்பது எனக்கு வரவேயில்லை. தமக்கு மிக நெருங்கிய ஒருவர், காளமேகம் என்று பண்டிதரும் நம்பத்தக்க வெண்பாவைச் செய்திருக்கிறார் என அறிந்தவன் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். நானோ ஏமாற்றப்பட்டவன் போல இருந்தேன். என் வாயிலிருந்து வந்த முதற் சொல், "அம்மான், மூன்றாம் அடியிலே தளை தட்டுகிறது" என்பதே.

அவர் என்னைப் பார்த்தார். "உந்தப் பிழை இவ்வளவு காலமும் காளமேகத்திலை கிடக்கேக்கை உமக்குக் குத்தேல்லையோ?" என்றார். பிறகு என் முகத்தைக் கண்டு இரங்கினார் போலும், "தளை அறுந்தால் பனையாலை விழலாம். பாட்டாலை ஆர் விழுந்தது?" என்று சிரித்தார்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. கொப்பியைத் திறந்து அதே வெண்பாவைப் படித்தேன். முன்பு எளிமை எனப் பாராட்டியது இப்போது நாட்டுப்புறத்தன்மையாய்த் தெரிந்தது. துணிவு எனச் சொல்லிய இடம் பயிற்சியின்மை எனத் தோன்றிற்று. வள்ளம் என்ற பழந்தமிழ் ஆட்சி, ஊர்காவற்றுறைத் துறையிலே கேட்கும் சாதாரணச் சொல்லாகிவிட்டது. எழுத்து ஒன்றுகூட மாறவில்லை. கோட்டின் கீழிருந்த பெயர் மாத்திரமே மாறிற்று. மறுநாட் காலையில் ஊர்காவற்றுறைக்குச் சென்று, கட்டுரையை வெளியிடவேண்டாம் எனத் தந்தி அடித்தேன்.

மாலையிலே அம்மான், "கட்டுரை எப்ப வரும்?" என்று கேட்டார். நிறுத்திவிட்டேன் என்றேன். "ஏன்?" என்றார். அது காளமேகத்தின் பாட்டு அல்லவே என்றேன். அவர் சுக்கானைத் திருப்பிக்கொண்டே, கோபமின்றி, உண்மையிலேயே விளங்காத ஒருவரைப்போலக் கேட்டார்: "பாட்டு மாறேல்லையே, மருமோன். பேர்தானே மாறினது?"

காளமேகத்தின் பெயரோடு அச்சேறத் தகுதியுடையதாயிருந்த பாட்டு, அம்மானின் பெயரோடு அச்சேறத் தகுதியற்றது ஏன் என்பதே அவருடைய கேள்வி. தலைப்பை மாற்றி, எழுவைதீவிலே வள்ளமோட்டி ஒருவர் செய்த வெண்பா என்று நான் அனுப்பியிருக்கலாம். அவ்வெண்ணம் அன்று எனக்குத் தோன்றவே இல்லை என்றால் நம்புவீர்களா? தோன்றிற்று. சஞ்சிகைக்காரர் நகைப்பார் என்று அஞ்சினேன்.

அன்று முதல் இக்கேள்விக்கு விடை தேடி நூல்களிலே புகுந்தேன். நான் கண்டவற்றுள் எனக்கு மிக அணுக்கமாகத் தோன்றியவர் வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியார். மதுரையை அடுத்த விளாச்சேரியிலே 1870ஆம் ஆண்டு பிறந்து, சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலே தமிழ் கற்பித்தவர். நம் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்களே அவர் புலமையை வியந்து திராவிட சாஸ்திரி என்ற பட்டத்தை வழங்கினார். ஆங்கிலத்துப் பதினான்கடிப் பாட்டைப் பின்பற்றித் தமிழிலே சில பாடல்கள் செய்து தனிப்பாசுரத் தொகை என வெளியிட்டபோது, அவர் தம் பெயரை இடவில்லை. சூரியனைப் பரிதி என்றும், நாராயணனை மால் என்றும், சாஸ்திரியைக் கலைஞர் என்றும் பெயர்த்துப் பரிதிமாற் கலைஞர் எனப் புனைபெயர் பூண்டார். தனித்தமிழ்ப் பற்றினாற் பெயரை மாற்றிக்கொண்டார் என்றே இன்று பலரும் எண்ணுவர். தம் இயற்பெயரைக் கண்டால் நூலின் குணமும் குற்றமும் உள்ளபடி வெளிவாரா என்று கருதியே அந்நூலிலே பெயரை மறைத்தார் என்பதுதான் செய்தி. பட்டமும் பதவியும் பெற்ற ஒருவர், தம் பாட்டைத் தம் புகழினின்று காப்பாற்ற முயன்றிருக்கிறார்! அப்பாடல்களை ஜி. யு. போப் ஆங்கிலத்திலே பெயர்த்தார். 1903ஆம் ஆண்டு சாஸ்திரியார் இளமையிலேயே மறைந்தார். ஊழின் விளையாட்டைப் பாருங்கள்: மறைந்து நிற்பதற்காகச் சூடிய பெயரே இன்று அவருடைய புகழ்ப்பெயராய் நிற்கிறது. சூரியநாராயண சாஸ்திரியார் என்றால் யார் என்று மாணவர் கேட்கின்றனர்.

மேல்நாட்டிலும் இச்சோதனையைச் செய்தவர் உளர். டோரிஸ் லெஸ்ஸிங் என்னும் ஆங்கில நாவலாசிரியை, புகழின் உச்சியிலே இருந்தபோது ஜேன் சோமர்ஸ் என்ற பெயரால் ஒரு நாவலை அனுப்பினார். நெடுங்காலம் அவர் நூல்களை வெளியிட்டுவந்த பதிப்பகமே அதனை வேண்டாமென்று திருப்பிற்று. வேறொரு பதிப்பகம் 1983ஆம் ஆண்டு வெளியிட்ட அந்நூல் பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. அடுத்த ஆண்டு அவரே உண்மையை வெளியிட்டார். 2007ஆம் ஆண்டு அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் இதற்கு மறுதலையான வழியிலே சென்றவர். புலவர் பெயரை நீக்கிவிட்டு மாணவருக்குப் பாடல்களைக் கொடுத்து, அவர்கள் எழுதிய கருத்துக்களை 1929ஆம் ஆண்டு நூலாக்கினார். பதின்மூன்று பாடல்கள். பெயர் நீங்கியதும் லாங்ஃபெலோவின் பாட்டு வாங்கிக்கட்டிக்கொண்டது. அதிகம் அறியப்படாத ஒருவருடைய பாட்டு கொண்டாடப்பட்டது.

பெயரை நீக்கிவிட்டால் தீர்ப்பு நேராகிவிடும் என்று இவற்றால் முடிவு செய்வார் உளர். எனக்கு அதிலே நம்பிக்கையில்லை. ரிச்சர்ட்சின் மாணவர்கள் பெயரில்லாமையால் நன்றாகப் படித்தார்கள் என்று சொல்ல முடியாது. பலர் தட்டுத்தடுமாறினர் என்பதே அந்நூலின் துயரம். என் அநுபவத்திலே நான் கண்டது வேறு. புகழ்பெற்ற பெயர் பாட்டை உயர்த்துவதில்லை. படிப்பவனுடைய பொறுமையை நீட்டுகிறது. காளமேகம் என்ற பெயர் இருந்தவரையில் நான் அவ்வெண்பாவை நூறு முறை படித்தேன். விளங்காத இடத்திலே என் அறிவைக் குறைகூறினேன். பிழைபட்ட இடத்திலே ஏடெழுதியவனைக் குறைகூறினேன். அவ்வாறு பொறுமையோடு படித்தபடியால், அதிலே உண்மையாகவே இருந்த அழகுகள் பல எனக்குப் புலப்பட்டன. அவை பொய்யல்ல. அம்மானின் பெயர் வந்தவுடனே அந்தப் பொறுமை ஒரே இரவிலே தீர்ந்துபோயிற்று. பிழை முதலிலே தெரிந்தது. பிழைக்கு அப்பால் செல்ல மனம் வரவில்லை. காளமேகத்தை நான் அதிகமாக மதித்ததிலே தவறில்லை. அந்தப் பொறுமையிலே பாதியையாவது ஊராருக்கும் உறவினருக்கும் எடுத்துவைக்காததே தவறு.

நக்கீரர் கதையை நாம் அனைவரும் புராணபடனத்திலே கேட்டிருக்கிறோம். குறுந்தொகையிலே இறையனார் பெயரால் உள்ள 2ஆம் பாட்டோடு பிணைந்த கதை. அது தருமியின் பாட்டென வந்தபோது நக்கீரர் குற்றம் சொன்னார். இதனை இயற்றியவன் நானே என முன்பின் அறியாத புலவர் ஒருவர் வந்து நின்றபோதும் அதே குற்றத்தைச் சொன்னார். நெற்றிக்கண்ணைக் கண்டபின்னும் மாற்றவில்லை. பெயர் மூன்று, தீர்ப்பு ஒன்று. அவர் சொன்ன குற்றம் சரியா என்பது வேறு விஷயம். கூந்தலுக்கு இயற்கை மணம் உண்டா என்பதை நான் ஆராயப் புகவில்லை. பொற்றாமரைக் குளத்திலே வெந்து வீழ்ந்த பின்னர் அவர் பணிந்தார் என்றும் புராணம் சொல்லும். இதனை ஒருமுறை அம்மானுக்குச் சொன்னபோது, "நீரும் நக்கீரர்தான், ஆனால் நெற்றிக்கண்ணுக்குப் பதிலாய்ப் பேரைப் பாத்திட்டு மாறிற நக்கீரர்" என்றார். அதற்குப் பிறகு அவர் அவ்விஷயத்தை எடுத்ததே இல்லை.

1984ஆம் ஆண்டு அம்மான் காலமானார். கோயிலுக்கு அவர் கட்டிய ஊஞ்சற்பாட்டும் வேறு பாடல்களும் ஒரு நீளக் கொப்பியிலே இருந்தன. அதனை நான் இரண்டு முறை கையிலெடுத்துப் பார்த்திருக்கிறேன். ஆறுதலாகப் படிக்கலாம் என்று வைத்துவிட்டேன். 1990களின் தொடக்கத்திலே எங்கள் குடும்பத்தார் தீவை விட்டு வெளியேறியபோது, கொண்டுசெல்லத்தக்கவற்றை வள்ளத்திலே ஏற்றினர். கொப்பி இருந்த தகரப் பெட்டி ஏறவில்லை. திரும்பிச் சென்று பார்த்தபோது வீட்டிலே கூரையும் இல்லை, பெட்டியும் இல்லை. அம்மானின் பாடல்களுள் எஞ்சியிருப்பது பனை வெண்பா ஒன்றே. அதுவும் எஞ்சியதற்குக் காரணம், அதன்கீழே நான் பிழையாக எழுதிய பெயர். காளமேகம் என்று எண்ணியபடியால் கரும்பலகையில் எழுதினேன். காளமேகம் என்று எண்ணியபடியால் மாணவர் மனனஞ் செய்தனர். 1979ஆம் ஆண்டின் பின் நான் அதனைக் கற்பிக்கவில்லை. முன்னர்க் கற்றவர்களிடம் சென்று திருத்தவும் இல்லை.

சென்ற ஆண்டு என் பழைய மாணவர் ஒருவர் டொரொன்டோ நகரிலிருந்து கைத்தொலைபேசியிலே செய்தி அனுப்பியிருந்தார். அவருடைய மகள் அங்கே தமிழ்ப் பாவோதற் போட்டியிலே கலந்துகொள்கிறாளாம். "நீங்கள் படிப்பித்த காளமேகத்தின் பனை வெண்பாவை அவளுக்குப் பழக்கியிருக்கிறேன். எந்தப் பதிப்பிலே உள்ளது, ஐயா? தேடிக் கிடைக்கவில்லை" என்று எழுதியிருந்தார். வெண்பாவையும் முழுமையாக எழுதியிருந்தார். மூன்றாம் அடியிலே என் திருத்தம் இருந்தது. அம்மானின் சொல் இல்லை.

ஒரு கிழமை யோசித்தபின் உள்ளதை உள்ளபடி எழுதினேன். மூன்றாம் அடியிலே பழைய சொல்லை மீண்டும் இட்டேன், தளை தட்டினாலும் தட்டட்டும் என்று. புலவர் பெயருக்கு என்ன செய்வது என்பதே இடர்ப்பாடாயிருந்தது. அந்தத் திண்ணை இரவிலே பெயரற்ற சங்கப் புலவரைப் பற்றிச் சொல்லி முடித்தபோது அம்மான், "என்ரை பேரை ஒருக்காலும் போட்டிடாதையும். சனம் நெளிப்புக் காட்டும்" என்று சொல்லியிருந்தார். ஆகவே பழைய மரபையே கைக்கொண்டு, அவருடைய ஈற்றடியிலிருந்து பெயர் எடுத்தேன். பாட்டின் கீழே, எழுவைதீவுக் காற்றாடு மரத்தார் என எழுதி அனுப்பினேன்.

மாணவரிடமிருந்து இரண்டு நாளிலே பதில் வந்தது. மிக்க மரியாதையோடு எழுதியிருந்தார். கதையைப் படித்து வீட்டிலே எல்லாரும் கண்கலங்கினராம். கடைசியிலே ஒரு வேண்டுகோள்: "போட்டி முடியுமட்டும் காளமேகம் என்றே விட்டுவிடட்டுமா, ஐயா? நடுவர்களுக்கு அந்தப் பெயர்தான் தெரியும். பிள்ளைக்குப் புள்ளி குறைந்துபோகும்."

அதற்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை.